விளக்கு மாறியதும் வெளிறிய பவளங்கள்: பாளையங்கோட்டை வீட்டுத் தொட்டி ஒன்றின் ஏழு மாதம்

வீடுகளில் உள்ள மீன் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் வேலை. பாளையங்கோட்டையைச் சுற்றி நான் பார்த்துக்கொள்ளும் தொட்டிகளில் பெரும்பாலானவை நன்னீர்த் தொட்டிகள்தான். கடல்நீர்த் தொட்டிகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றில் மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். தொட்டிக்காரரின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவர் பெயரும் தெருவும் வேண்டாம். தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொட்டியும் அதில் இருந்தவையும்

தொட்டிக்காரர் மளிகை மொத்த வியாபாரி. அறுபதை நெருங்கும் வயது. ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல், மணல் போக ஏறக்குறைய 160 லிட்டர் தண்ணீர். கீழே சம்ப் என்னும் துணைத் தொட்டியில் இன்னொரு 40 லிட்டர். ஆர்.ஓ. தண்ணீரில் செயற்கைக் கடலுப்பு கலந்து ஊற்றுகிறோம். தூத்துக்குடி 50 கிலோமீட்டர்தான், கேனில் கடல்நீரே கொண்டு வரலாமே என்று பலர் கேட்பார்கள். துறைமுகம் இருக்கும் கரையோரத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஊற்ற எனக்கு மனம் வராது.

உள்ளே இருந்தவை மூன்று வகை. பாறை உச்சியில் ஏழு சென்டிமீட்டர் அகலத் தலையுடன் ஒரு தோல் பவளம். அதைத் தொட்டிக்காரர்கள் லெதர் என்பார்கள். நடுத்தட்டில் பச்சையும் ஆரஞ்சுமாக இரண்டு கூட்டம் ஜோவாந்திட். ஒரே பாயில் பூத்த சின்னச் சின்னப் பூக்கள் மாதிரி இருக்கும். பாறையின் நடுவிலும் அடியிலுமாக ஆறு காளான் பவளங்கள், நான்கு பச்சை, இரண்டு சிவப்பு. மீன்கள் மூன்றே மூன்று. எல்லாமே சென்னை இறக்குமதியாளர் ஒருவரிடம் ரசீதோடு வாங்கியவை.

கல் பவளம் எதுவும் கிடையாது. இது ரசனை சார்ந்த விஷயம் அல்ல. பாறை கட்டும் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. இடையில் ஒருவர், "கடல்லேர்ந்து உசுரோட ஒரு கொம்புப் பவளம் எடுத்துத் தாரேன், ரெண்டாயிரம் குடுங்க" என்று அண்ணாச்சியிடம் வந்திருக்கிறார். அண்ணாச்சி என்னைக் கேட்டார். வாசலோடு அனுப்பிவிடச் சொன்னேன். தொட்டிக்குள் இருக்கும் பாறைகூட சிமெண்டும் சிப்பித் தூளும் கலந்து செய்ததுதான். செத்த பவளக்கல் அல்ல.

பழைய விளக்கின் கடைசிக் காலம்

அதுவரை இருந்தது 39 வாட் டி5 குழல்விளக்குகள் நான்கு, இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. குழல்களை மாற்றி இருபது மாதம் ஆகியிருந்தது. இந்தக் குழல்கள் அணைந்து போவதற்கு வெகு முன்பே மங்கிவிடும். ஒளியின் நிறமும் நகர்ந்துவிடும். ஆனால் தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது.

பிப்ரவரியில் பார்த்தபோது ஜோவாந்திட்களின் காம்பு நீண்டு, பூக்கள் மேலே எட்டிப் பார்ப்பது போல நின்றன. ஆரஞ்சு நிறம் செங்கல் பழுப்பாக மாறியிருந்தது. பச்சைக் காளான்களும் பழுப்பேறிப் போயிருந்தன. ஒன்றும் சாகவில்லை, ஒன்றும் வளரவும் இல்லை. ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் ஜோவாந்திட் எண்ணிக்கையில் ஒன்று இரண்டுதான் வித்தியாசம்.

இதன் காரணம் பவளத்தின் உடம்புக்குள் இருக்கிறது. அதன் திசுவில் ஜூசாந்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. அது ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. ஒளி குறைந்தால் பவளம் பாசியையும் அதன் நிறமியையும் கூட்டிக்கொள்கிறது, கிடைக்கிற கொஞ்சத்தையும் விடாமல் பிடிக்க. அந்தப் பாசியின் நிறம்தான் பழுப்பு. பவளத்தின் சொந்த நிறம் அதற்கு அடியில் மறைந்து போகிறது. ஆக, பழுப்புக்கு நான் சொன்ன காரணம் சரிதான்: ஒளி போதவில்லை. அதற்குச் செய்த வைத்தியம்தான் தவறு.

மாற்றிய நாள்

மார்ச் 10. அண்ணாச்சி 165 வாட் எல்.இ.டி விளக்கு ஒன்று வாங்கியிருந்தார். கறுப்புப் பெட்டி, ஒவ்வொரு எல்.இ.டிக்கும் மேல் ஒரு குவிவில்லை, பின்புறம் இரண்டு திருகு: ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. இதைவிட விலை அதிகமானவற்றைக் கைபேசியிலிருந்தே இயக்கலாம், புதுப் பவளத்தை மெல்லப் பழக்கும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கும். இதில் அது கிடையாது. விலைக்கு இது நல்ல விளக்கு, குறை சொல்ல மாட்டேன்.

தண்ணீருக்கு 15 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டோம். இரண்டு திருகும் 80-ல். காலை 9 முதல் இரவு 9 வரை, பழைய குழல்கள் எரிந்த அதே பன்னிரண்டு மணி நேரம். "எம்பதுக்கு மேல போகாண்டாம்லா தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். எண்பதே அதிகம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நீல ஒளி கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. கூடத்தில் நின்று பார்த்தால் பழைய குழல்களைவிடக் குறைவாக இருப்பது போலவே இருந்தது.

அதோடு இன்னொன்றும் செய்தேன். ஒளி கூடினால் பச்சைப் பாசி படரும் என்ற பயத்தில் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள் பை ஒன்றைச் சம்ப்பில் போட்டேன். மீனுக்குத் தீனியையும் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். ஒரே நாளில் மூன்று மாற்றம்.

முதல் மூன்று வாரம்

முதல் மூன்று நாளும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீல ஒளியில் ஜோவாந்திட்கள் மின்னின. பல பவளங்களின் திசுவில் ஒளிரும் புரதங்கள் உண்டு. நீலத்தை வாங்கிப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பித் தருபவை. பழைய குழல்களில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. விளக்கு மாறிய அன்றே "நிறம் கூடிருச்சு" என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். பவளத்துக்குள் அதற்குள் ஒரு மாற்றமும் நடந்திருக்காது.

ஆறாம் நாள் தோல் பவளம் தன் பூக்களை உள்ளிழுத்துக்கொண்டது. இந்த வகை அவ்வப்போது ஒரு மெழுகுத் தோலை உரிக்கும். அப்போது சில நாள், சமயத்தில் இரண்டு வாரம்கூட, மூடிக்கிடக்கும். இது அதுவாகத்தான் இருக்கும் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

பதினோராம் நாள் அண்ணாச்சி திரும்பவும் கூப்பிட்டார். "தம்பி, காளானெல்லாம் சுருங்கிட்டே போவுது. ஒண்ணு எடத்த விட்டே நவுந்திருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்." போனேன். உள்ளங்கை அகலம் இருந்த காளான் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒன்று பாறையின் நிழல் பக்கமாக நகர்ந்திருந்தது. வெளிச்சம் தாங்காத காளான் பவளம் நிழலைத் தேடிப் போகும் என்று படித்திருக்கிறேன், பார்த்தும் இருக்கிறேன். ஆனாலும் அன்று நான் நம்பியது என் கைபேசியைத்தான்.

கைபேசியை நீர்ப்புகாத உறையில் போட்டு, பாறை உச்சியில் வைத்து, லக்ஸ் அளக்கும் செயலியில் பார்த்தேன். ஏறக்குறைய 9,000 லக்ஸ். பாசிக்குப் பயன்படும் ஒளியை எண்ணும் அலகு மைக்ரோமோல். சூரிய ஒளிக்கு 54 லக்ஸ் ஒரு மைக்ரோமோல் என்பது வழக்கமான கணக்கு. வகுத்தால் 167 வந்தது. மென்பவளத்துக்கு 50 முதல் 150 வரை நல்லது, உச்சியில் இருப்பதற்கு 167 பெரிய பிரச்சினை இல்லை. விளக்கு சரி, தண்ணீர்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டி முப்பது சதவீதத் தண்ணீரை மாற்றிவிட்டு வந்தேன்.

இந்தக் கணக்கில்தான் ஓட்டை. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்ற அளவு. கண் பச்சையையும் மஞ்சளையும் நன்றாக வாங்கும், ஆழ்ந்த நீலத்தை மிகக் குறைவாகவே வாங்கும். பவளத்தின் பாசிக்கோ நீலம்தான் விருந்து. 450 நானோமீட்டர் நீலத்தில் ஒரு மைக்ரோமோலுக்கு ஏழு லக்ஸ் அளவுதான் வரும். சூரிய ஒளியில் வருவதில் எட்டில் ஒரு பங்கு. நீலமும் வெள்ளையும் கலந்த விளக்குக்குச் சூரியக் கணக்கைப் போட்டால் உண்மையில் இருப்பதில் பாதிகூட விடையில் வராது.

மார்ச் 30-ஆம் தேதிக்குள் இரண்டு காளான்கள் வெள்ளையாகிவிட்டன. பச்சை ஜோவாந்திட்களின் பச்சை வெளிறி மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. தோல் பவளம் மூடி இரண்டு வாரமாகியும் திறக்கவில்லை.

மீட்டர் வந்த பிறகு

மதுரையில் இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பி.ஏ.ஆர் மீட்டர் இருக்கிறது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை மட்டும் எண்ணித் தரும் கருவி, நீருக்குள் இறக்கலாம். சொந்தமாக வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. பஸ் பார்சலில் அனுப்பிவைத்தார். ஏப்ரல் 2 மாலை அளந்தோம். அண்ணாச்சி மகன் எழுதிக்கொண்டான்.

பாறை உச்சியில், தோல் பவளத்தின் தலைமேல், 430 மைக்ரோமோல். நடுத்தட்டில் ஜோவாந்திட் மேல் 240. மணலில், நடுவில், 130. தொட்டியின் இரு ஓரங்களில் மட்டும் 60, 70. விளக்குக்கு நேர் கீழே ஒரு கை அகலத்துக்குக் கொதிப்பான இடம் ஒன்று. வில்லைகள் ஒளியை அங்கே குவித்திருந்தன. பழைய குழல்களையும் கழற்றிப் போட்ட இடத்திலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தோம்: உச்சியில் 65, மணலில் 25.

அதாவது 65-ல் ஒன்றரை வருஷம் பழகிய பவளத்தை ஒரே காலையில் 430-ல் நிறுத்தியிருக்கிறோம். கல் பவளத்திலேயே வெளிச்சம் அதிகம் கேட்கும் கொம்புப் பவளங்களுக்குக்கூட 200 முதல் 350 வரை போதும்.

ஒளி தேவைக்கு மேல் போனால் பாசி செல்லின் ஒளிச்சேர்க்கைக் கருவி திணறுகிறது, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்கள் உருவாகின்றன. பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அப்புறம் தெரிவது வெள்ளைதான். கடலில் நடக்கும் வெளுப்பும் இதே வழியில்தான், அங்கே தொடங்கிவைப்பது பெரும்பாலும் சூடு. இங்கே சூடும் சேர்ந்திருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி 29.8 டிகிரி காட்டியது. அந்த அறையில் ஏ.சி. கிடையாது. பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோதித்தோம். இரண்டும் பூஜ்யம்.

முதல் முடிவு: ஒளியைக் குறைப்பது

மூன்று வழி இருந்தது. பழைய குழல்களுக்கே திரும்புவது ஒன்று. அதை வேண்டாம் என்றேன். மங்கிய குழல்களில் பழுப்பும் தேக்கமும் திரும்ப வரும், பவளங்கள் இன்னொரு மாற்றத்தையும் தாங்க வேண்டியிருக்கும். பவளங்களை எல்லாம் ஓரத்துக்கும் அடிக்கும் நகர்த்துவது இரண்டாவது. நலிந்த பவளத்தைக் கையால் தொடுவதே ஒரு அடி. அதிலும் ஜோவாந்திட் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது, அந்தக் கல்லைத் தேய்க்கவோ வெந்நீரில் போடவோ கூடவே கூடாது. ஆக, மூன்றாவதை எடுத்தோம்: பவளத்தை இருக்குமிடத்தில் விட்டுவிட்டு, விளக்கின் ஒளியைக் குறைப்பது.

விளக்கை 15-லிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கினோம். இதனால் மொத்த ஒளி குறைந்தது, கொதிப்பான இடமும் பரவி அடங்கியது. நீலத்தை 35-க்கும் வெள்ளையை 10-க்கும் கொண்டுவந்தோம். திரும்ப அளந்தால் உச்சியில் 140, நடுவில் 90, மணலில் 50. நேரத்தைப் பன்னிரண்டிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தோம். மதியம் 1 முதல் இரவு 9 வரை. அண்ணாச்சி கடையை மூடிவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். அவர் பார்க்கிற நேரம் இருட்டாக இருந்தால் தொட்டி எதற்கு?

தேறத் தொடங்கிய பிறகு பத்து நாளைக்கு ஒரு முறை நீலத்தை மட்டும் ஐந்து ஐந்தாக ஏற்றுவது, ஏற்றிய மூன்று நாளில் எதுவாவது சுருங்கினால் பழைய இடத்துக்கே இறக்குவது என்று பேசிக்கொண்டோம்.

அன்றே சம்ப் மேல் ஒரு சின்ன மின்விசிறியும் மாட்டினோம். நீர் ஆவியாகும்போது சூடு இறங்கும். இரண்டே நாளில் 27-க்கு வந்துவிட்டது. இதைச் செய்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பின்னால் பவளங்கள் தேறியதில் ஒளிக்கு எவ்வளவு பங்கு, குளிர்ச்சிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இனி வழியில்லை.

இரண்டாவது முடிவு: சோறு போடுவது

இதில் அண்ணாச்சிக்கும் எனக்கும் வாக்குவாதம். தொட்டித் தண்ணீர் "சுத்தமா" இருக்கிறது என்பது அவருக்குப் பெருமை. நைட்ரேட் பூஜ்யம் என்பதைப் பரீட்சையில் நூறு மார்க் வாங்கியது மாதிரி எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அதுதான் குறை என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "பட்டினி போட்டுட்டு வெயில்ல வேல வாங்குன மாதிரின்னு சொல்லுதீயளா?" என்று கடைசியில் அவரே கேட்டார். நான் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பவளத்துக்குள் இருக்கும் பாசி ஒரு தாவரம் மாதிரி. அதற்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டும் இல்லாமல் பலமான ஒளி மட்டும் விழுந்தால் சேதத்தைச் சரிசெய்ய அதனிடம் சரக்கு இருக்காது. ஏப்ரல் 4-ஆம் தேதி பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்தோம். மீன்களுக்கு உறைந்த மைசிஸ் இறால் தீனியைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒன்றரை மடங்காக்கினோம். இலக்கு நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05. எட்டுவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. நடுவில் கண்ணாடியில் பச்சை படிந்தது, வாரம் இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது. அது நல்ல அறிகுறி என்று எவ்வளவு சொன்னாலும், துடைக்கிறவனுக்குத்தான் தெரியும்.

இருந்தும் தேறாத காளான்கள்

ஏப்ரல் 13 அன்று தோல் பவளம் உரித்த மெழுகுத் தோலை நீரோட்டம் அடித்துக்கொண்டு போக, அடுத்த நாள் சித்திரை முதல் தேதி பாதித் தலை திறந்தது. மே முதல் வாரத்தில் முழுதும் விரிந்தது. ஜோவாந்திட்களிலும் பச்சை திரும்பத் தொடங்கியது. திட்டப்படி நீலம் 45-க்கு ஏறியிருந்தது.

காளான்கள் மட்டும் மசியவில்லை. வெள்ளையான இரண்டும் ஏப்ரலிலேயே கரைந்து போயின. மீதி நான்கும் காலையில் விரிந்திருக்கும், இரவு சுருங்கிவிடும் என்றார் அண்ணாச்சி. மீட்டரில் மணல்பக்கம் 60-க்கு மேல் போகவில்லை. மென்பவளங்களிலேயே குறைந்த ஒளியில் நிம்மதியாக வாழ்பவை இவை. அந்த 60-ல் சுருங்குவதற்குக் காரணமே இல்லை.

மே 24 இரவு எட்டரை மணிக்கு, சொல்லாமல் போனேன். பள்ளி லீவுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கூடம் நிறையப் பிள்ளைகள். தொட்டி வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் திருகு 100-ல்.

மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, ஒளித்து எதையும் செய்யவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டார். "வாரவங்களுக்குக் காட்டணும்லா? நீலத்துல மீனும் தெரிய மாட்டேங்கு, அந்தச் செவப்புக் காளான் கருப்பாத் தெரியுது. ராத்திரி படுக்கும்போது திருப்பி வச்சிருவேன்." அவர் சொன்னதில் தவறில்லை. ஒளிராத சிவப்பு நிறமி நீல ஒளியில் கறுத்துத்தான் தெரியும், சிவப்பைக் காட்ட வெள்ளை வேண்டும். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் திருகைப் பற்றி அண்ணாச்சியிடம் மட்டுமே பேசியிருந்தேன். அந்தக் கூடத்தில் நாள் முழுக்க இருப்பவர் மதினி.

அதே இரவு இன்னொன்றும் பிடிபட்டது. ஒன்பது மணிக்கு விளக்கு அணையவில்லை. பத்தாயிற்று, அணையவில்லை. பத்து ஐம்பதுக்கு அணைந்தது. சுவரில் மாட்டியிருந்தது பல்சக்கரம் சுற்றும் பழைய வகை டைமர். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து சுற்றும். கோடையில் அரை மணி, கால் மணி என்று போன கரண்ட்டெல்லாம் சேர்ந்து பொழுதை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தது. பவளங்களுக்கு ஒளி எட்டு மணி நேரம்தான், ஆனால் விருந்தாளிகள் முன்னால் வெள்ளை 100-ல் எரிந்த நேரமும் அதற்கேற்ப நீண்டிருந்தது.

பேட்டரி உள்ள மின்னணு டைமர் ஒன்று மாட்டினோம். வெள்ளையை 10-லிருந்து 15-க்கு நிரந்தரமாக ஏற்றினேன், அது பவளத்துக்காக அல்ல, மதினியின் கண்ணுக்காக. இரண்டு திருகிலும் நிற்க வேண்டிய இடத்தில் மதினியே நகப்பூச்சால் ஒரு கோடு போட்டார். ஜூன் கடைசியில் ஆனித் தேருக்கு வீடு நிறைய ஆள் வந்தபோது கோடு அப்படியே இருந்தது, போய்ப் பார்த்தேன்.

ஜூன் பத்துக்குள் நான்கு காளான்களும் இரவும் பகலும் விரிந்து கிடந்தன.

ஆடிக் காற்று

ஜூலையில் ஒளிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சறுக்கல். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கச்சான் காற்று தொடங்கியதும் ஜன்னல் வழியாக வறண்ட காற்று வீச, மேலே மின்விசிறியும் ஓட, சம்ப்பில் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் ஆவியானது. தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு தங்கிவிடும். 1.025 இருக்க வேண்டிய உப்படர்த்தி ஒரு வாரத்தில் 1.028-ஐத் தொட்டது. ஜோவாந்திட்கள் மூடிக்கொண்டன. விளக்கை அன்றுதான் 55-க்கு ஏற்றியிருந்தோம். நல்லவேளை, இந்தத் தடவை திருகில் கைவைக்கும் முன் உப்பை அளந்தேன். நன்னீரை மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இறக்கினோம். சம்ப்பில் இப்போது மிதவை வைத்த தானியங்கி நிரப்பி இருக்கிறது.

செப்டம்பரில் எடுத்த கணக்கு

படங்களை ஞாயிறு தோறும் ஒரே இடத்திலிருந்து, வெள்ளை மட்டும் 30-ல் வைத்து, இரண்டு நிமிடத்துக்குள் எடுத்தோம். அளவுக்காகக் கண்ணாடியில் ஒரு ஸ்கேல் ஒட்டியிருந்தோம். நீலத்தில் எடுத்தால் எல்லாப் பவளமும் அழகாகத்தான் இருக்கும். விற்பனைப் படங்களில் பாதி அப்படி எடுத்தவை, அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏப்ரல் 2 அன்று இரண்டு கூட்டத்திலும் சேர்த்து ஜோவாந்திட் பூக்கள் 38. செப்டம்பர் கடைசி ஞாயிறு 71. காம்பு குட்டையாக, பாயோடு பாயாக இருக்கின்றன. ஆரஞ்சு திரும்பிவிட்டது. பச்சை, விளக்கு மாற்றுவதற்கு முன் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. தோல் பவளத்தின் தலை ஏழு சென்டிமீட்டரிலிருந்து பத்து. காளான்கள் நான்கிலிருந்து ஏழாகியிருக்கின்றன. பச்சையில் ஒன்று அடியை விட்டு நகரும்போது விட்டுச்சென்ற துணுக்குகளிலிருந்து இரண்டு, நேரே பிளந்து ஒன்று. இழந்த இரண்டில் ஒன்று சிவப்பு. மீதியுள்ள ஒரே சிவப்பு பிழைத்திருக்கிறது, ஆனால் பெருகவில்லை.

இப்போதைய நிலை: விளக்கு 30 சென்டிமீட்டர் உயரம், நீலம் 55, வெள்ளை 15, எட்டு மணி நேரம். மீட்டரைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அளந்தது: உச்சி 190, நடு 125, மணல் 70.

மறுபடி செய்வதாக இருந்தால்

புது விளக்கை முதல் நாளே 20, 25-ல் தொடங்குவேன், பழைய விளக்கின் அளவுக்கு ஒட்டி. மாற்றும் முன்பே மீட்டரை வரவழைத்துப் பழைய விளக்கின் அளவை எடுத்துவைப்பேன். பஸ் பார்சல் செலவு ஒரு காளானின் விலையில் கால்வாசிகூட இல்லை. மீட்டர் கிடைக்காவிட்டால் லக்ஸ் செயலியை ஒன்றுக்கு மட்டும் பயன்படுத்தலாம்: அதே விளக்கில், அதே திருகு நிலையில், தொட்டியின் எந்த மூலை அதிகம், எந்த மூலை குறைவு என்று ஒப்பிட. வகுத்து மைக்ரோமோல் ஆக்கக்கூடாது.

விளக்கை மாற்றும் மாதத்தில் தீனியிலோ உறிஞ்சியிலோ கைவைக்க மாட்டேன். மார்ச்சிலும் மாற்ற மாட்டேன். கார்த்திகை, மார்கழியில் மாற்றினால் சூடு என்ற தொல்லையாவது ஒதுங்கியிருக்கும்.

ஆறாம் நாள் போனில் வைத்தியம் சொன்னதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

அண்ணாச்சி இப்போது நீலத்தை 60-க்கு ஏற்றலாமா என்று வாரம் ஒரு முறை கேட்கிறார். தோல் பவளம் வளர்ந்து விளக்கை நெருங்கிக்கொண்டே வருகிறது. அதற்கு மட்டும் ஒளி தானாகவே கூடும். கார்த்திகை வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மதினியிடமும் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.